பெரிய வியாழனும் ஒரு ஜோடி சாக்ஸும்

பால் சொசைட்டியில் டெஸ்டர் வேலை பார்ப்பவளுக்கு மனிதர்கள்மீது நம்பிக்கை குறைந்துதான் போகும். காலையும் மாலையும் ஊர்க்காரர்கள் கேனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சிரிப்பார்கள், என் பிள்ளைகளை விசாரிப்பார்கள். "இன்னிக்கு மாடு சரியா தீனி எடுக்கல டெஸ்டரம்மா" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். அப்படி ஒருவர் வாயைத் திறந்தாலே, கேன் குழாயடிக்குப் போய்விட்டு வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். லேக்டோமீட்டரைப் பாலில் விட்டால் அது எவ்வளவு மிதக்கிறது என்பதை வைத்து மிச்சத்தையும் தெரிந்துகொள்வேன். பத்து வருஷமாக இதே வேலை. என் வீட்டுக்காரர் சொல்வார்: "நீ பாவசங்கீர்த்தனத்துக்குப் போனா, ஃபாதர்தான் பயந்துபோய் அவரு பாவத்த உங்கிட்ட சொல்லுவாரு."

அப்படிப்பட்டவளைப் போய் எங்கள் பங்குத்தந்தை இளையோர் குழுவுக்கு வழிகாட்டியாக இருக்கச் சொன்னார். எங்கள் ஊர் காரிமங்கலத்திலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே. கத்தோலிக்கக் குடும்பங்கள் கோயிலைச் சுற்றியும் மற்றவர்கள் ஏரிக்கரைப் பக்கமும் இருக்கிறோம். கோயிலைச் சேர்ந்த எங்கள் பங்கில் டீச்சர்கள் இருக்கிறார்கள், கிராம நிர்வாக ஆபீசில் வேலை பார்ப்பவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருக்கிறார். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு என்னை ஏன் கேட்கிறார்?

"நான் பேசுனா பிரசங்கமா போயிடுதும்மா. உங்கள மாதிரி ஒருத்தரு பசங்களோட உக்காந்து பேசுனா மனசு வுட்டு பேசுவாங்க" என்றார்.

நான் நம்பவில்லை. கோயிலுக்குப் பின்னால் பைக்குகள் நிற்பதாகவும், ஜெபமாலைக்கு வருகிறோம் என்று பிள்ளைகள் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பதாகவும் பெரியவர்கள் அவரிடம் முறையிட்டுக்கொண்டிருந்த சமயம் அது. அவருக்கு வேண்டியது வழிகாட்டியல்ல, ஒரு ஜோடிக் கண் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே சரி என்றும் சொன்னேன். என் கண்மீது எனக்கு அவ்வளவு பெருமை.

பிள்ளைகள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. முதல் ஞாயிறு பூசை முடிந்து மறைக்கல்விக் கூடத்துக்குள் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. போன்கள் எல்லாம் குப்புறப் படுத்தன. நான் கொண்டுபோன முறுக்கைக்கூட ஒருத்தன் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கடித்தான். அடுத்த வாரமே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், லேக்டோமீட்டர் அக்கா என்று. நான் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன். அவர்கள் என்னைச் சந்தேகப்பட்டார்கள், நான் அவர்களைச் சந்தேகப்பட்டேன். நடுவில் விவிலியத்தை வைத்துக்கொண்டு அன்பைப் பற்றிப் பேசினோம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்தான் என்னைப் பார்த்து முதலில் சிரித்தாள். பிளஸ் டூ, பயாலஜி குரூப். பாய் விரிப்பாள், பாட்டை எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் பேசாமல் இருக்கும்போது தானாகப் பேசுவாள். எதிர்காலத்தில் என்ன ஆகப்போகிறீர்கள் என்று ஒரு வாரம் கேட்டபோது பாதிப் பேர் "தெரியலீங்க்கா" என்று இழுத்தார்கள். அவள் மட்டும் எழுந்து நின்று சொன்னாள்: "நர்சிங்க்கா. எங்கப்பா மார்க்கு வாங்குனா சேத்து வுடறேன்னு சொல்லியிருக்காரு."

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. இவள் எப்படியாவது நர்ஸாகிவிட வேண்டும் என்று நானும் உள்ளூர ஜெபித்தேன். எங்கள் பக்கம் பெண் பிள்ளைகளின் படிப்பு நூலில் தொங்குகிற படிப்பு. ஒரு பையனோடு பஸ் ஸ்டாண்டில் நின்று பேசினாள் என்று காதில் விழுந்தால் போதும். அன்றோடு புத்தகத்தை மூட்டை கட்டிவிட்டு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இவள் அப்படி எதிலும் மாட்டிக்கொள்ளாமல் கல்லூரி வாசலை மிதித்துவிட வேண்டும். அதுவரை இவளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அவள் அப்பாவையும் எனக்குத் தெரியும். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். இரண்டு கறவை மாடு, கொஞ்சம் மேட்டுக்காடு. ஊரிலேயே நான் சோதிக்காமல் வாங்கத் துணிகிற பால் ஒன்று உண்டென்றால் அது அவருடையது. ஒருநாளும் அளவு பிசகியதில்லை. நேர்மையைப் பற்றிப் பேச வேண்டிய வாரத்தில் நான் வேறு உதாரணமே தேடவில்லை. "இந்தப் புள்ளயோட அப்பாவ பாருங்க. யாரும் பாக்காத எடத்துலயும் அவரு கை சுத்தம்" என்று அவளைக் காட்டியே சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை அவரை உதாரணம் காட்டியிருப்பேன்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தின் பாதியில் பிளஸ் டூ பரீட்சை முடிந்தது. பரீட்சை முடிந்த வாரம் அவள் குழுவுக்கு வரவில்லை. கிருஷ்ணகிரி தாண்டி அத்தை வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு வந்தாள். காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள்.

எங்கள் கோயிலில் எல்லாரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போவோம். பங்குனி வெயிலில், மொசைக் தரையில் கால் வைத்தால் ஒரு சுகம். அவள் செருப்பைக் கழற்றினாள். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சாக்ஸோடு உள்ளே போய்ப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடமே முடிந்துபோன பிறகு எதற்கு இந்தச் சாக்ஸ்?

கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டேன். "பித்தவெடிப்புங்க்கா. ஆயின்மென்ட் போட்டிருக்கேன்."

பதினேழு வயதில் பித்தவெடிப்பா? ஆயின்மென்ட் வாடையும் வரவில்லை. அடுத்த ஞாயிறும் சாக்ஸ். அதற்கடுத்த ஞாயிறும் சாக்ஸ். பாட்டை எடுத்துக்கொடுப்பதும் நின்றுபோனது. பக்கத்திலிருந்த தோழிகளிடம் மெதுவாக வாயைப் பிடுங்கிப் பார்த்தேன். "தெரியலீங்க்கா" என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஒரே மாதிரி சொன்னால் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

என் மண்டைக்குள் ஒரு கதை தயாராகிவிட்டது. யாரோ ஒருத்தன் இருக்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெயரைப் பச்சை குத்திக்கொள்கிறார்கள். கையில் குத்தினால் தெரியும் என்று காலில் குத்தியிருக்கிறாள். அல்லது அவன் வாங்கிக்கொடுத்த கொலுசைக் கழற்ற மனமில்லாமல் மறைக்கிறாள். குழுவில் கீபோர்டு வாசிக்கிற கல்லூரிப் பையன்மேல் எனக்கு முதலில் கண் போனது. அவனைச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் மடக்கினேன்.

"அக்கா, சத்தியமா நான் இல்லீங்க்கா. அந்தப் புள்ளகிட்ட ஸ்கேல் என்னன்னு கேக்கறதோட சரி" என்று பாவம், கிட்டத்தட்ட அழுதுவிட்டான்.

எனக்கு அவன்மீது இருந்த சந்தேகம் தீரவில்லை. மற்ற பையன்களையும் ஒவ்வொருவராகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று பங்குத்தந்தை ஒரு யோசனை சொன்னார். பெரிய வியாழன் மாலைப் பூசையில், இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்துச் சாமியார் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுவார். எங்கள் பங்கில் வழக்கமாகப் பெரியவர்கள்தான் அந்த நாற்காலிகளில் உட்காருவார்கள். இந்த வருஷம் இளையோரை உட்காரவைக்கலாம், ஆணும் பெண்ணும் சரிபாதியாக, ஆட்களை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று என்னிடம் விட்டுவிட்டார்.

முதல் ஆளாக அவளைச் சொன்னேன். எதற்கென்று இப்போது தெரிந்திருக்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் சாக்ஸைக் கழற்றித்தானே ஆக வேண்டும்?

மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னை ஒரு நிமிஷம் நேராகப் பார்த்தாள். பிறகு "சரிங்க்கா" என்றாள். பக்கத்திலிருந்த தோழி சட்டென்று அவள் கையைப் பிடித்ததையும் நான் பார்த்தேன். இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிறாளே, இதில் என்ன தந்திரம் என்று எனக்கு மேலும் குழப்பம்.

மறுநாள் காலையில் அவள் அம்மா சொசைட்டிக்கு வந்தாள். எப்போதும் கேன் கொண்டு வருகிறவர் அப்பாதான். அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே பேசினாள்.

"எம்புள்ளைய அந்தக் கால் கழுவறதுலருந்து வுட்டுடுங்க டெஸ்டரம்மா. கால்ல ஆணி. நடக்கவே முடியல."

"பித்தவெடிப்புன்னு சொன்னாளே?"

"அதுவுந்தாங்க" என்று சொல்லிவிட்டு, பாலைக்கூட ஊற்றாமல் கேனோடு திரும்பிப் போய்விட்டாள். பின்னால் கூப்பிட்டுத்தான் ஊற்றவைத்தேன்.

ஒரே மாட்டுப் பால் இரண்டு தடவை இரண்டு அளவு காட்டினால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள். ஆக, அம்மாவுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. மகளின் காதலை அம்மா மறைக்கிறாள். அந்த நல்ல மனிதர் ஒருவருக்குத்தான் ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டினேன். அவருக்காகப் பரிதாபப்பட்டேன் என்று சொன்னால் இப்போது எனக்கே நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கால் கழுவ உட்காரும் பெண்களுக்கான வெள்ளைத் துப்பட்டாவைக் கொடுக்கிற சாக்கில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா வாசலிலேயே வரவேற்றார்.

"வாங்க, வாங்க. டெஸ்டரம்மா எங்க வூட்டுக்கெல்லாம் வருவீங்களா?"

கொடியில் வெள்ளைச் சாக்ஸ்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கூடத்தின் மூலையில் ஒரு புதுச் சூட்கேஸ், பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. கல்லூரி ஹாஸ்டலுக்கு இப்போதே வாங்கிவிட்டார்கள் போல என்று மனசு குளிர்ந்தது. இவ்வளவு ஆசையாக அனுப்பத் தயாராகும் தகப்பனை இந்தப் பெண் ஏமாற்றுகிறாளே என்று கோபமும் வந்தது. அவள் வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அங்கேயும் சாக்ஸ். நனைந்து, சேறு அப்பி, காலோடு ஒட்டிக் கிடந்தது. சொந்த வீட்டில், தண்ணீரில் நின்றுகொண்டு, எவள் சாக்ஸ் போடுவாள்?

பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "எங்கிட்ட மறைக்காத. எவன் அவன்? கால்ல பேரு குத்தியிருக்கியா?"

அவள் தேய்த்துக்கொண்டிருந்த குண்டானைக் கீழே வைத்தாள். என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். அவள் பார்வை என்னைத் தாண்டிப் போனது. திரும்பினால், கையில் காபி டம்ளரோடு அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"அப்புடியெல்லாம் யாரும் இல்லீங்க்கா" என்றாள். கண் நிறைந்துவிட்டது. அந்தக் கண்ணீரே போதும், என் சந்தேகம் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

காபி குடித்துவிட்டுப் புறப்படும்போது, அப்பாவிடம் சாடைமாடையாகச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. பிள்ளையைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை. சொன்னால் அவள் படிப்பு அன்றோடு நின்றுவிடும் என்ற பயத்தில் மென்று விழுங்கினேன். அவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். "நீங்க பாத்துக்கறீங்க. எனக்கென்னங்க கவல" என்றார்.

பெரிய வியாழன் மாலை கோயில் நிறைந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். பதினொன்று நிரம்பி ஒன்று காலியாக இருந்தது. அம்மா சொன்னபடி அவள் வரமாட்டாள் என்று வேறொரு பெண்ணைத் தயாராக வைத்திருந்தேன். உன்னதங்களிலே பாடல் முடிந்து மணிகள் ஓய்ந்தன. அதற்குப் பிறகு ஈஸ்டர்வரை எங்கள் கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். வாசகங்கள் முடிந்து, பிரசங்கமும் முடிந்தது. மாற்றுப் பெண்ணை எழுந்து வரச் சொல்ல நான் கையைத் தூக்கும்போது பக்கவாட்டுக் கதவு வழியாக அவள் வந்தாள். நான் கொடுத்த வெள்ளைத் துப்பட்டா, வெள்ளைச் சாக்ஸ். யாரையும் பார்க்காமல் வந்து காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பெண்கள் பக்கத்தில் அவள் அம்மா பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

பங்குத்தந்தை இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். நான் பின்னாலேயே துடைக்கும் துண்டுகளை ஏந்திக்கொண்டு நடந்தேன். ஒவ்வொருவராக வலது காலை நீட்டினார்கள். தாம்பாளத்தின்மேல் பாதத்தை வைத்துத் தண்ணீர் ஊற்றி, துடைத்து, குனிந்து முத்தமிட்டு நகர்ந்தார். பாடகற்குழு பாடிக்கொண்டிருந்தது.

அவள் முறை வந்தது. அவள் குனிந்து வலது காலின் சாக்ஸை உருவினாள். அதோடு நிற்கவில்லை, இடது காலுடையதையும் உருவினாள். இரண்டையும் சேர்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு பாதங்களையும் ஒன்றாக நீட்டினாள்.

இரண்டு காலிலும், பெருவிரலுக்குப் பக்கத்து விரலில், புது வெள்ளி மெட்டி.

அவள் தலையை நிமிர்த்தினாள். சாமியாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அப்போதுதான் துப்பட்டா கொஞ்சம் விலகி, கழுத்தில் மஞ்சள் கயிற்றின் ஓரம் தெரிந்தது.

பச்சை குத்தியதிலிருந்து கொலுசுவரை எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட எனக்குக் கல்யாணம் மட்டும் தோன்றவே இல்லை. எங்களில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்போம். ஏதாவது தடை தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்பதற்காக. ஓலை வாசிக்காமல் எங்களுக்குக் கல்யாணம் இல்லை. போதாததற்குத் தவக்காலம், அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் மேளச் சத்தமே கேட்காது. ஓலை வாசிக்கவில்லை, அதனால் கல்யாணம் இல்லை. அவ்வளவு உறுதியாக என் மனதில் கதவு சாத்திக்கிடந்தது. பதினெட்டு நிரம்பாத பெண்ணுக்குச் சாமியார் ஓலை வாசிக்க மாட்டார் என்று தெரிந்தவர்கள், ஓலையே இல்லாமல் காரியத்தை முடித்திருந்தார்கள்.

பங்குத்தந்தையின் கை ஒரு கணம் நின்றது. மெட்டியைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு சொம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், முத்தமிட்டார், அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். பாட்டு ஒரு அடிகூட நிற்கவில்லை. முன்வரிசையில் இருந்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒவ்வொருவரும் கையைக் கூப்பித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பக்தியை அந்தக் கோயிலில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பூசை முடிந்ததும் அம்மா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் குழுவின் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். இத்தனை நாள் ஒரே மாதிரி "தெரியலீங்க்கா" சொன்னவர்கள் ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள்.

"அத்த மவனுக்கு கட்டி வெச்சிட்டாங்கக்கா. பரிச்ச முடிஞ்ச வாரம். அவுங்க அத்த வூட்ல வெச்சே."

"வயசு ஆனதும் கல்யாணத்த கோயில்ல மந்திரிச்சிக்கலாம்னு பேசிக்கிட்டாங்களாம். அந்தாளு பெங்களூர்ல சென்ட்ரிங் வேல."

"இன்னும் அங்க அனுப்பல. ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கெழம கூட்டிட்டுப் போறாங்கக்கா. அந்தப் பொட்டியெல்லாம் வாங்கியாச்சு. நர்சிங்கெல்லாம் கெடையாதுன்னுட்டாங்க."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவள் கையைப் பிடித்த தோழிதான் சொன்னாள். "நீங்க அவுங்கப்பா ஆளுன்னு நெனச்சோம்க்கா. எப்பப் பாத்தாலும் அவரப் பத்தித்தானே பெருமையா பேசுவீங்க."

நேராகப் பூசை உடுப்பு மாற்றும் அறைக்குப் போனேன். பங்குத்தந்தை இடுப்புத் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா ஃபாதர்?"

"பாத்தேம்மா." துண்டை அலமாரியில் வைத்தார். "நாளைக்கு பெரிய வெள்ளி. கோயில் முழுக்க ஜனங்க இருக்கற நாளு. ஈஸ்டர் முடியட்டும். அவுங்கப்பாவ கூப்ட்டு நான் பேசறேன்."

"திங்கக்கெழம கூட்டிட்டுப் போறாங்க ஃபாதர்."

"அப்புடியா?" என்றார். அந்த "அப்புடியா"வில் எனக்கு ஒரு துளிகூட ஆச்சரியம் கேட்கவில்லை. அவருக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? இன்றைக்குவரை என்னால் சொல்ல முடியவில்லை. தெரியாது என்று பிறகு பல தடவை சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்களைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயம் அன்றைக்குக் கெட்டுப்போயிருந்தது.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். பெயர், ஊர், வயது, அப்பா பெயர் எல்லாம் கேட்டார்கள். நீங்கள் யார் என்று கேட்டார்கள். இளையோர் குழு வழிகாட்டி என்று சொன்னேன்.

சனிக்கிழமை காலை ஜீப் வந்தது. அதிகாரிகளோடு ஒரு பெண் போலீசும் வந்தார். அவளைப் பெண்கள் காப்பகத்துக்கு அழைத்துப்போனார்கள். அப்பா, அத்தை, அத்தை மகன் எல்லார்மீதும் வழக்குப் பதிந்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. அன்றைக்கு அவளோடு அந்தப் புதுச் சூட்கேஸும் ஜீப்பில் ஏறியது என்று பிறகு கேள்விப்பட்டேன். அவளேதான் எடுத்துக்கொண்டாளாம்.

ஜாமீனில் வந்த கொஞ்ச நாளில் அவள் அப்பா மறுபடி கேனோடு சொசைட்டி வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும் கேனை மேசைமேல் வைத்தார்.

"உங்களுக்கு நாங்க என்ன கெடுதல் பண்ணோம்?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. "அக்கா மவந்தானே, வெளியாளுக்கா குடுத்தேன்? இந்தக் காலத்துல பொம்பளப் புள்ளைய காலேஜுக்கு அனுப்பிட்டு நெருப்ப மடியில கட்டிக்கிட்டு இருக்கணும். எவனாவது இழுத்துக்கிட்டுப் போறதுக்கு முன்னால செய்யறத செஞ்சேன். நீங்களே அந்த பயத்துலதானே எங்க வூட்டுக்கு வந்தீங்க?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் லேக்டோமீட்டரை அவர் பாலில் விட்டேன். எப்போதும் நிற்கிற அளவில் நின்றது. சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்கு அந்தப் பால்மீதே ஆத்திரம் வந்தது.

ஊரில் பலர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். சிலர் பிள்ளைகளைக் குழுவுக்கு அனுப்பவில்லை. வழிகாட்டி வேலையை விட்டுவிடுகிறேன் என்று நான் சொன்னபோது பங்குத்தந்தை, விட வேண்டாம் என்றார். ஏன் வேண்டாம் என்கிறார் என்று அதற்கும் ஒரு சந்தேகம். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகூப்பும்போது எதிரில் இருக்கும் முகத்தைப் பார்க்கிறேன். உனக்குத் தெரியுமா? அந்தக் கல்யாண விருந்தில் நீ சாப்பிட்டாயா? சமாதானம், சமாதானம் என்று சொல்லிக்கொண்டே இதைத்தான் யோசிக்கிறேன்.

பிளஸ் டூவில் அவள் தேறினாள். காப்பகத்தில் இருந்தவர்கள் உதவி செய்து நர்சிங்கில் சேர்த்துவிட்டார்கள். அப்பாவுக்குத் தெரிந்தே அவள் அம்மா வாரம் தவறாமல் ஹாஸ்டலுக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறாள். போன கிறிஸ்துமஸுக்கு அவள் அம்மாவோடு ஊருக்கு வந்தாள். பூசை முடிந்து கோயில் படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெறுங்கால். மெட்டி இருந்த விரல்களில் மெலிசாக ஒரு தழும்பு மட்டும் தெரிந்தது.

ரொம்ப நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். "ஏம்புள்ள, தாலிய சட்டைக்குள்ள மறைச்சிட்ட. அந்த மெட்டிய கழட்டி வெச்சிட்டு வந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே. எதுக்கு சாக்ஸு?"

"எங்கம்மாவே கழட்டிட்டு போன்னுதான் சொல்லுச்சு. மெட்டிய கழட்டுனா தாலியையும் கழட்டிப் போட்ருவேன்னு சொல்லிட்டேன். எங்கப்பா பயந்துபோயி, எதையும் கழட்டாதன்னு வுட்டுட்டாரு." தழும்பை இன்னொரு கால் விரலால் தேய்த்துக்கொண்டாள். "அந்த வெயில்ல சாக்ஸோட வந்தா, யாராச்சும் ஏன்னு கேப்பாங்கன்னு நெனச்சேன்க்கா. எத்தன பேரு பாத்தாங்க தெரியுமா? ஒருத்தரும் தனியா கூப்ட்டுக் கேக்கல."

"நான் கேட்டேனே" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"கேட்டீங்க்கா" என்றாள். "எவன் அவன்னு கேட்டீங்க."